குடை எடுக்க வந்தவர்

"நான் எதுக்கு வந்தேன்னா..." என்று அவன் ஆரம்பிப்பதற்குள் நனைந்த குடை அவன் கையிலிருந்து பறிபோயிருந்தது.

"தெரியும். உக்காருங்க," என்றாள் அவள்.

பெரிய கண்கள்... விலை விசாரிக்க வந்தவனுக்குச் சரக்கைப் பொட்டலமே கட்டிவிடும் கடைக்காரரின் கண்கள். அவன் உட்கார்ந்துவிட்டான்.

துணிக்கடைக்கு மேல் ஒற்றை அறை. தடுப்புக்கு அந்தப் பக்கம் நடக்க முடியாத, பேச்சு வராத பிள்ளைகள். இந்தப் பக்கம் வட்டமாக நாற்காலி போட்டு அவர்களைப் பெற்றவர்கள். சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் பேசி, அழுது, சிரித்து, அடுத்த சனி வரை தாக்குப்பிடிக்கத் தெம்பு ஏற்றிக்கொண்டு போவார்கள். ஓர் அறக்கட்டளையின் பெற்றோர் ஆதரவு நிதியில் நடக்கிற வட்டம் அது. நிதி இந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டித்தால் வட்டம் உண்டு. இல்லாவிட்டால் அவரவர் வீடு, அவரவர் சுவர்.

"நான் அப்பா இல்லைங்க," என்றான் அவன்.

"எல்லா அப்பாவும் முதல் நாள் அப்படித்தான் சொல்வாங்க."

பக்கத்து நாற்காலியில் இருந்த லாரி டிரைவர் அவன் தோளைத் தட்டினார். "நான் தண்ணி மோட்டார் பார்க்க வந்தேன்னு சொன்னேன் தம்பி. கையில ஸ்பேனர்கூட வச்சிருந்தேன். இவங்க விடலையே."

நிதி கேட்கும் குழுக்களை நேரில் பார்த்து அறிக்கை எழுதுவதுதான் அவன் வேலை. அதைச் சொல்ல வாயைத் திறந்தான்... அதற்குள் அவள் பேசத் தொடங்கிவிட்டாள். அவள் தையல்காரி. ஆறு வயது மகளுக்குப் பேச்சு இல்லை. மகளைப் பெற்றவர் நாலு வருடம் முன்பே வேறு ஊருக்கு, வேறு குடும்பத்துக்குப் போய்விட்டார்.

"நேத்து எம்பொண்ணு என் மூக்கைத் தொட்டா. அப்புறம் அவ மூக்கைத் தொட்டா. நீயும் இருக்க, நானும் இருக்கேன், வேற என்ன வேணும்னு கேக்கறா போல..."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வெளியே மழை கொட்டியது. இந்தச் சிரிப்பை இவள் எந்தச் சந்தையில் கொள்முதல் செய்கிறாள்? தெரிந்துகொள்ளாமல் எழுந்து போக அவனுக்கு மனசில்லை.

கூட்டம் முடிகிற நேரம், தடுப்பைத் தாண்டி வந்த அவள் மகள் அவன் பையை இழுத்தாள். கோப்பு விழுந்தது. அட்டையில் அறக்கட்டளை முத்திரை. தையல்காரி அதைப் படித்துவிட்டாள்.

"நாங்க அழுததை எடை போடத்தான் உக்காந்திருந்தீங்களா?"

"சொல்ல வந்தேன்... நீங்க விடலை."

"அப்புறம் ரெண்டு மணி நேரம் வாய் இருந்துதே?"

கோப்பைப் பொறுக்கினான். குடையை மறந்து, கொட்டுகிற மழையிலேயே இறங்கிப் போனான்.

அந்த வாரம் முழுக்க மூலையில் நின்ற குடை அவளை வம்புக்கு இழுத்தது. 'என் வாய்க்கொழுப்பால வட்டமே போயிடுமோ... ஆனா எப்படிக் கேட்டான் அந்த ஆள், ஒரு சொல்கூடச் சிந்திடக் கூடாதுங்கற மாதிரி...'

அடுத்த சனிக்கிழமை வந்தது அவனல்ல. கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி அம்மா. ஒவ்வொருவரையும் துருவித் துருவிக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

"நிதி தொடரணும்னு எழுதிட்டேன்மா."

அவளுக்கு மூச்சு வந்தது. பிறகு மெல்ல, "போன வாரம் வந்தவர்...?"

"இந்தக் கோப்பைத் தொட மாட்டேன்னுட்டார். ஏன்னு உங்ககிட்ட நான் காட்டக் கூடாது." அந்த அம்மா ஒரு தாளை மேசையில் வைத்தார். "ஆனா என் கண்ணாடியைத் தொடைக்கணும். கொஞ்ச நேரம் ஆகும்."

அவள் குனிந்து படித்தாள். 'இக்குழுவில் எவருடனும் உங்களுக்கு உறவு உண்டா?' என்ற கட்டத்தில், 'இதுவரை இல்லை. ஏற்பட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். எனவே நான் மதிப்பிடுவது நியாயமாகாது.'

"முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி எழுதினவரை நான் பார்த்ததில்லை," என்றார் அம்மா, கண்ணாடியைத் துடைத்தபடி. "நான் முடிக்கற வரைக்கும் மேல வராதீங்கன்னேன். கீழதான் நிக்கறார்."

படிகளில் அவள் இறங்கிய வேகத்தைத் துணிக்கடையே திரும்பிப் பார்த்தது. தூறலில் பாதி நனைந்து அவன் நின்றிருந்தான்.

"எதுக்கு வந்தீங்க?"

"குடை எடுக்க..."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க."

அவன் சிரித்தான். பிறகு சிரிக்காமல், "உங்களுக்காக வந்தேன். உங்க பொண்ணுக்கும்தான்... அவ தொட்டுக் காட்டறதைப் படிக்கக் கத்துக்கணும்."

மழைத்துளி அவள் இமையில் விழுந்ததா, அங்கேயே பிறந்ததா...

"உங்க ஆபீஸ் விலாசம் எங்க பேப்பர்லயே இருக்கு," என்றாள் தலை நிமிராமல். "குடையை அன்னைக்கே குடுத்தனுப்பியிருக்கலாம். நான்தான் வச்சுக்கிட்டேன்."