பேட்டரிக்கு ஒரு பரீட்சை

பள்ளிக்கூடத்தின் அபாய மணி மறுபடியும் அலறியது. அந்த வாரத்தில் அது மூன்றாவது தடவை.

எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு மைதானத்துக்கு ஓடினார்கள். நெருப்பும் இல்லை, திருடனும் இல்லை. ஜன்னலே இல்லாத இருட்டு நடைவழியில், சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில் மின்னல் மட்டும் நின்றுகொண்டிருந்தான். மூன்று தடவையும் அவனேதான் அங்கே நின்றான்.

மின்னல் என்பது அவனுடைய பட்டப்பெயர். ஓட ஆரம்பித்தால் கண்ணுக்குத் தெரிய மாட்டான்.

"நீதானே அமுக்கினே?" என்று கேட்டார் தலைமை ஆசிரியை.

"இல்ல மிஸ்."

"அப்போ வகுப்பை விட்டுட்டு இங்க எதுக்கு வந்தே?"

மின்னல் தரையைப் பார்த்தான்.

"சரி. நாளைக்குத் தொடர் ஓட்டத்துல நீ ஓட வேண்டாம்."

அவனோடு படிக்கும் சிட்டு அதைக் கேட்டுவிட்டாள். தொடர் ஓட்டத்தில் அவள் மூன்றாவதாக ஓடி மின்னலிடம் கட்டையைக் கொடுக்க வேண்டும். பத்து நாளாக இருவரும் அதைப் பழகியிருந்தார்கள்.

அவளுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. அந்த அபாய மணியைப் பொருத்தியது அவளுடைய அம்மா. வீடுகளிலும் கடைகளிலும் மணியும் கேமராவும் பொருத்துவதுதான் அம்மாவின் தொழில். இந்தப் பள்ளிக்கூடம் அம்மாவுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை.

மின்னல் சொல்வது உண்மையென்றால் கோளாறு அம்மாவின் மணியில். மணியில் கோளாறு இல்லையென்றால் மின்னல் பொய் சொல்கிறான். இரண்டு பேருமே அவளுக்கு வேண்டியவர்கள். என்ன செய்வாள்?

மதிய இடைவேளையில் குழாயடியில் அவனைப் பிடித்தாள். "டேய், உண்மையைச் சொல்லு. அங்க ஏன் போனே?"

"கரண்ட் போச்சு. போனேன்."

"கரண்ட் போனா எங்களுக்கெல்லாம் வேர்க்குது. உனக்கு மட்டும் காலு ஓடுதா?"

மின்னல் அக்கம்பக்கம் பார்த்தான். "யார்கிட்டயும் சொல்ல மாட்டியே? பட்டு இருக்கால்ல..."

பட்டு அவனுடைய தங்கை. ஒன்றாம் வகுப்பு. அவளுடைய வகுப்பு வாசல் அந்த நடைவழியில்தான் இருந்தது.

"அவளுக்கு இருட்டுன்னா பயம். என்னைத் தேடி வெளிய வந்து சுவத்தோட ஒட்டிக்கிட்டு அழுவா. நான் போய்க் கையைப் பிடிச்சு உள்ள விட்டுட்டு வருவேன். இது தெரிஞ்சா பசங்க அவளைப் பயந்தாங்கொள்ளின்னு கேலி பண்ணுவாங்க."

"மூணு தடவையும் கரண்ட் போனப்போதான் போனியா?"

"ஆமா."

"சொல்ல மாட்டேன். சத்தியம்" என்றாள் சிட்டு.

மாலையில் அம்மா கருவிப் பையோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். "எந்த விளக்கு எரிஞ்சுது மிஸ்? எங்கேர்ந்து மணி அடிச்சுதுன்னு காட்ட, மணிப் பெட்டியில ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு விளக்கு வெச்சிருக்கேனே."

"யாரு பாத்தா? காது பிஞ்சு போச்சு. சாவியைத் திருப்பி நிறுத்திட்டேன்" என்றார் தலைமை ஆசிரியை.

அம்மா பையிலிருந்து மல்டிமீட்டரை எடுத்தார். மின்சாரத்தை அளந்து எண்ணில் காட்டும் சின்னக் கருவி அது. சிவப்பு முனையையும் கறுப்பு முனையையும் ஒவ்வொரு கம்பியிலும் வைத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

"அம்மா, மூணு தடவையும் கரண்ட் போனப்போதான் அடிச்சுது" என்றாள் சிட்டு.

"கரண்ட் போனா பேட்டரி பாத்துக்கும். அதுக்குத்தானே வெச்சிருக்கு." அம்மா பேட்டரியைக் கழற்றி அதையும் அளந்தார். பன்னிரண்டரை வோல்ட் என்று காட்டியது. "பாத்தியா? புதுசு, நல்லாத்தான் இருக்கு."

தலைமை ஆசிரியை பெருமூச்சு விட்டார். "அப்போ அந்தப் பையன்தான்."

அன்று இரவு சாப்பிடும்போதும் சிட்டு அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். அப்பா நாற்காலியில் சாய்ந்துகொண்டு கதை அளந்துகொண்டிருந்தார்.

"என் உடம்பு இரும்பு. இந்த பீரோவை ஒத்தைக் கையால நகர்த்துவேன்."

"நகர்த்துங்களேன், பின்னாடி பெருக்கணும்" என்றார் அம்மா.

அப்பா எழுந்தார். சட்டைக் கையை மடித்தார். பீரோவை ஒரு தள்ளு தள்ளினார். பீரோ அசையவில்லை. அப்பாதான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறுபடி நாற்காலியில் விழுந்தார்.

"இரும்பு துருப்பிடிச்சிருச்சு" என்றார் அம்மா.

சிட்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"அம்மா, உட்கார்ந்திருந்தப்போ அப்பா நல்லாத்தானே இருந்தாரு?"

"உட்கார்ந்திருந்தா எல்லாரும் பயில்வான்தான்."

"அந்த பேட்டரியை நீ சும்மா உட்கார வெச்சுத்தானே அளந்தே? வேலை குடுத்துப் பாத்தியா?"

அம்மாவின் கை அப்படியே நின்றது.

"இல்ல கண்ணு" என்றார் மெதுவாக. "அதுக்குன்னு லோடு டெஸ்டர் ஒண்ணு இருக்கு. பேட்டரி மேல பாரத்தை ஏத்தி, தாங்குதான்னு பாக்குற கருவி. கனமா இருக்கேன்னு வேன்லயே போட்டு வெச்சிருந்தேன். புது பேட்டரிதானே, மீட்டர் போதும்னு விட்டுட்டேன்."

"கோபமாம்மா?"

"உன் மேல எதுக்குக் கோபம்? காலையில ரெண்டு பேரும் சேர்ந்து போவோம்."

படுக்கும்போது சிட்டு கைகூப்பினாள். "கடவுளே, மின்னல் ஓடணும். அம்மா தலைகுனியவும் கூடாது. எப்படின்னு எனக்குத் தெரியல. நீயே பாத்துக்கோ."

மறுநாள் காலை தலைமை ஆசிரியையின் அறையில் அம்மா லோடு டெஸ்டரை மேஜைமேல் வைத்தார். இரண்டு தடித்த கவ்விகள், ஒரு முள், ஒரு பொத்தான். மின்னலையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

அம்மா கவ்விகளை பேட்டரியில் மாட்டினார். முள் பன்னிரண்டைத் தாண்டி நிமிர்ந்து நின்றது. பொத்தானை அழுத்தினார். அவ்வளவுதான். முள் தொபுக்கென்று எட்டுக்கு விழுந்தது.

"தாங்கல" என்றார் அம்மா. "கடையில ரொம்ப நாள் சும்மா கிடந்த பேட்டரி போலிருக்கு. கரண்ட் போனதும் மொத்தப் பாரமும் இது மேல விழுது. ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல இது சோர்ந்துடுது. உடனே மணி, யாரோ கம்பியை அறுத்துட்டாங்கன்னு நெனச்சு அலறுது. முன்னாடியே இப்படிப் பாத்திருக்கணும். தப்பு என்னோடதுதான் மிஸ்."

தலைமை ஆசிரியை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "நேத்து ஒரு எண் நல்லாருக்குன்னு சொல்லுச்சு. இன்னைக்கு ஒரு முள் இல்லைன்னு சொல்லுது. நான் எதை நம்புறது?"

சிட்டு முன்னால் வந்தாள். "மிஸ், அந்த பேட்டரியையே திருப்பி மாட்டுங்க. மின்னல் இங்கயே கையைத் தூக்கிக்கிட்டு நிக்கட்டும். கட்டடத்தோட மெயின் சுவிட்சை அணைச்சுப் பாப்போம். அவன் இங்க நிக்கும்போதே மணி அடிச்சா?"

"அது நியாயம்" என்றார் தலைமை ஆசிரியை.

மின்னல் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நடுவில் நின்றான். அம்மா பேட்டரியைத் திருப்பி மாட்டிவிட்டு மெயின் சுவிட்சுக்குப் போனார். சிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கண் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. கால் ஓடுவதற்குத் தயாராகத் துடித்தது.

அவளுக்குப் புரிந்தது. கட்டடம் முழுக்க விளக்கு அணைந்தால் அந்த நடைவழியும் இருண்டுவிடும்.

"நான் போறேன்" என்று அவன் காதில் சொன்னாள். "நீ கையை மட்டும் இறக்காதே."

சொல்லிவிட்டு ஓடினாள். பாதி வழியில் விளக்கெல்லாம் அணைந்தது. இருட்டில் சுவரைத் தடவித் தடவிப் போனாள். ஓரத்தில் ஒரு விசும்பல் கேட்டது.

"பட்டு, நான் சிட்டு அக்கா. அண்ணன்தான் அனுப்பினான். கையைக் குடு."

ஒரு குட்டிக் கை அவள் விரலை இறுகப் பிடித்தது. அதே நொடியில் அபாய மணி அலறியது. சுவரே அதிர்ந்தது. அவ்வளவு கர்ணகொடூரமான சத்தத்தைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்ட ஒருத்தி அந்தப் பள்ளிக்கூடத்தில் அதுவரை இருந்ததில்லை.

"பயமா இல்லையாக்கா?" என்று கத்தினாள் பட்டு.

"இல்லடி. இது நல்ல சத்தம்" என்று சிட்டுவும் கத்தினாள்.

விரலை விடவே மறுத்த பட்டுவை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவள் திரும்பி வந்தபோது விளக்கு வந்திருந்தது. மணி ஓய்ந்திருந்தது. மின்னல் இன்னும் கையை இறக்கவில்லை. தலைமை ஆசிரியை பட்டுவைப் பார்த்தார். பிறகு மின்னலைப் பார்த்தார்.

"இதுக்குத்தான் போனியா?"

மின்னல் தலையை ஆட்டினான்.

"கையை இறக்குப்பா" என்று அவரே வந்து அவன் கைகளைப் பிடித்து இறக்கினார். "தீர விசாரிக்காம தண்டனை குடுத்துட்டேன். மனசுல வெச்சுக்காதே. போய் ஓட்டத்துக்குத் தயாராகு."

அம்மா வேனிலிருந்து வேறொரு பேட்டரி கொண்டுவந்தார். இந்தத் தடவை முதலில் லோடு டெஸ்டர். பொத்தானை அழுத்தியும் முள் லேசாகத் தலையாட்டிவிட்டு நிமிர்ந்தே நின்றது. பிறகு நடைவழியின் கூரையில், கரண்ட் போனால் தானே எரியும் விளக்கு ஒன்றையும் மாட்டினார். அதற்குக் கூலி வாங்க மறுத்துவிட்டார்.

சாயங்காலம் தொடர் ஓட்டம். சிட்டு கட்டையை நீட்டியபோது அவர்கள் அணி மூன்றாவது இடத்தில் இருந்தது. மின்னல் அதை வாங்கியது தெரிந்தது. அதற்குப் பிறகு புழுதிதான் தெரிந்தது. புழுதி அடங்கியபோது அவன் கோட்டைத் தாண்டி நின்று, பின்னால் வருகிறவர்களை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பரிசுக் கோப்பையை அவன் கையில் கொடுத்துவிட்டு தலைமை ஆசிரியை ஒலிபெருக்கியில் பேச ஆரம்பித்தார். "இந்த வெற்றிக்குக் காரணம்..."

ஒலிபெருக்கி உயிரை விட்டது. கரண்ட் போய்விட்டது.

மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் பழக்கதோஷத்தில் காதைப் பொத்திக்கொண்டார்கள். தலைமை ஆசிரியையும்தான். காத்திருந்தார்கள்.

மணி அடிக்கவில்லை.

ஒவ்வொருவராகக் கையை எடுத்தார்கள். அந்த அழகான அமைதியில், முன்வரிசையிலிருந்து பட்டுவின் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது.

"அண்ணா, கப்பை சிட்டு அக்காகிட்ட கொஞ்ச நேரம் குடு."

மின்னல் கொடுத்தான். தொடர் ஓட்டத்தில் வாங்கிய கட்டையைத் திருப்பிக் கொடுப்பதுபோல், ஓடி வந்து கொடுத்தான்.