அடிவரியில் ஒரு பெயர்

என் அக்கா தாமசின் சிறையில் இறந்த அடுத்த குளிர்காலத்தில், தாள் மடிக்கும் வேலைக்காக கிரிம்ஷாவின் அச்சகத்துக்குப் போனேன். அவரிடம் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் லண்டனில் அந்த மாதம் வேறு யாரும் எனக்கு வேலை கொடுக்கவில்லை.

மதியம் கழிந்திருந்தது. கரிப்புகையும் ஆற்றுமூடுபனியும் சேர்ந்து, சந்துக்குள் அப்போதே விளக்கு வைக்கும் இருட்டு. கிரிம்ஷாவின் மனைவி ஹெஸ்டர் கதவைத் திறந்தாள். விரல் நுனிகள் ஈயக் கறுப்பு. என் முகத்தைப் பார்க்கவில்லை.

உள்ளே ஆளிவிதை எண்ணெய் வாடை, ஈரத் தாள் வாடை, அதற்கும் மேலே மூத்திர வாடை. மை ஒற்றும் தோல் உருண்டைகளை அதில்தான் ஊறப்போடுவார்கள்.

"மூக்கப் பொத்தாதீங்கம்மா" என்றான் அச்சுப்பொறியை இழுக்கும் வாட். "எல்லாம் நம்ம முதலாளியோட சொந்தத் தயாரிப்பு. இங்கிலாந்துலயே நல்ல பீர் குடிச்சு எறக்கினது."

சிரித்துவிட்டேன். அக்கா போன பிறகு சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்போடுதான் மேசைமேல் இருந்த முகப்புத் தாளைப் பார்த்தேன்.

பெண்கள் சிறையில் விழும் சவுக்கடிகளைப் பற்றிய சிறு நூல். அக்கா எழுதியது. என் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து எழுதினாள். ஒவ்வொரு பக்கத்தையும் எனக்கு வாசித்துக் காட்டினாள். இப்போது அதன் தலைப்புக்குக் கீழே கொட்டை எழுத்தில் இருந்தது: எழுதியவர், ஜோசயா கிரிம்ஷா.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஆபத்தான புத்தகம் என்றால் எழுதியவர் பெயர் இருக்காது, அச்சடித்தவர் பெயரும் இருக்காது. பக்கத்தின் அடிவரியில் 'விற்பவர்' என்று ஒரே ஒரு பெயர் இருக்கும். பல நேரம் அது ஒரு பெண்ணின் பெயர். விதவை என்றால் நீதிபதி இரங்குவார் என்பது ஆண்கள் போட்ட கணக்கு. அக்கா விதவை. தேவாலய முற்றத்தில் கணவன் விட்டுப்போன புத்தகக் கடையை நடத்திவந்தாள். எழுதியவள் என்று தன் பெயரை மேலே போடத்தான் கேட்டாள். "மேல வேணாம், கீழ இருக்கட்டும். உன்னை எவன் தொடப்போறான்?" என்று சொன்னவர் கிரிம்ஷா.

தொட்டார்கள். அரசரின் ஆட்கள் அடிவரியைப் பார்த்து அவளைப் பிடித்துப்போனார்கள். அச்சடித்தவர் யார் என்று அவள் கடைசிவரை சொல்லவில்லை. கிரிம்ஷாவிடம் விசாரித்தபோது அவர் சொன்னது ஒரே வாக்கியம்: எனக்கு அவளைத் தெரியாது. அவள் காய்ச்சலில் போனாள். உடலை வினிகர் தெளித்த சாக்கில் சுற்றிக் கொடுத்தார்கள்.

பிறகு அந்த அரசர் கடல் தாண்டி ஓடினார். புது அரசர் வந்தார். நேற்று குற்றமாக இருந்த புத்தகத்தை இன்று காபிக் கடைகளில் கேட்டு வாங்கினார்கள்.

"இது எங்க அக்கா எழுதினது" என்றேன்.

"இல்லன்னு யாரும்மா சொன்னா?" கிரிம்ஷா பன்றி இறைச்சியும் ரொட்டியும் மென்றுகொண்டிருந்தார். "இப்ப அவளுக்கு அதனால என்ன ஆகப்போகுது? எழுந்து வந்து காபி குடிக்கப்போறாளா?"

"ஆபத்துன்னா அவ பேரு. ஆதாயம்னா உங்க பேரு. அப்படித்தானே?"

"பொம்பள எழுதினதுன்னா பாதிப் பேரு சிரிச்சுட்டுக் கீழ வச்சிருவான். புத்தகம் விக்கவா வேணாமா? உனக்கு மடிக்கிற வேலை. அதப் பாரு."

எழுந்து போயிருக்கலாம். போனால், அவள் எழுதியது அவர் பெயரில் ஊருக்குள் போய்விடும். பக்கத்தில் இருந்து தடுக்க ஒரு ஆள்கூட இருக்காது. மேலே அவள் பெயர் வராமல் இந்த வீட்டை விட்டுப் போவதில்லை என்று உட்கார்ந்தேன். மடிப்பை நீவும் எலும்புத் தகட்டை எடுத்தேன். முதல் தாளை மடித்துக் கட்டைவிரலால் நீவினேன்.

அடிவரிக்குக் கீழே விரல் தடுக்கியது.

அங்கே மை இல்லை. வெறும் வெள்ளைத் தாள். ஆனால் எதுவோ அழுத்தியிருந்தது. தாளை மெழுகுவர்த்திக்குச் சாய்த்துப் பிடித்தேன். பள்ளங்களில் நிழல் விழுந்தது.

தாமசின் குவாரல்.

அடுத்த தாளிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

ஹெஸ்டரைக் கூப்பிட்டேன். அவள்தான் அந்த வீட்டில் அச்செழுத்துக் கோப்பவள். தாளைத் தடவினாள், பிறகு சட்டத்தில் பூட்டியிருந்த எழுத்துகளைத் தடவினாள். "இந்த எடத்துல எழுத்தே இல்ல, டாமரிஸ்" என்றாள் மெல்ல. "வெத்துக் கட்டைதான் வச்சிருக்கேன்."

"கட்டைய மாத்து" என்றார் கிரிம்ஷா.

மாற்றினாள். வாட் மை ஒற்றினான், தாள் வைத்தான், அச்சுப்பொறியின் கம்பியை இழுத்தான். தூக்கிய தாளில் எல்லா வரியும் கறுப்பாக விழுந்திருந்தது. ஜோசயா கிரிம்ஷா என்ற இடம் மட்டும் வெள்ளை. கீழே அக்காவின் பெயர் தாளைக் கிழிக்கும் அளவுக்கு இறங்கியிருந்தது.

வாட் சிலுவை போட்டுக்கொண்டான். சற்று முன் கேலி பேசியவன் அவன்.

வாடை மாறியிருந்தது. எண்ணெயும் மூத்திரமும் எங்கோ போய்விட்டன. வினிகர். அதற்கு அடியில் நனைந்து அழுகிய வைக்கோல். சிறைக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அக்காவோடு பேசும்போதெல்லாம் என் துணியில் ஏறிக்கொண்ட அதே வாடை.

"சரி" என்றார் கிரிம்ஷா. குரலில் ஈரம் இல்லை. "அவ பேரைக் கீழ போடு. விற்பவர்னு போடு. அதுதானே அவளுக்கு வேணும்?"

"அது இல்ல" என்றேன். "அங்க போட்டுத்தான் அவளக் கொன்னீங்க."

"நீ வாய மூடு. ஹெஸ்டர், போடு."

ஹெஸ்டர் கோத்தாள். வாட் கம்பியைப் பிடித்தான். இழுக்கவில்லை. இழுக்க முடியவில்லை.

மேலே பரணில் யாரோ இருமினார்கள்.

அங்கேதான் ஈரத் தாள்களைக் கயிற்றில் காயப்போடுவார்கள். ஆள் யாரும் இல்லை. ஜன்னல் அடைத்திருந்தது. ஆனாலும் எல்லாத் தாள்களும் ஒன்றாகச் சலசலத்தன.

மறுபடி இருமல். நெஞ்சின் அடியிலிருந்து கிளம்பி, பாதியில் நின்றுவிடும் இருமல்.

எனக்கு அது யாருடையது என்று தெரியும்.

"எவடி அது?" கிரிம்ஷா மெழுகுவர்த்தியைப் பிடுங்கிக்கொண்டு ஏணியில் ஏறினார். கோபத்தில்தான் ஏறினார். பலகைமேல் அவர் காலடி நடந்தது. நின்றது.

பிறகு அவர் குரல். யாருக்கோ பதில் சொல்வதுபோலத் தணிந்த குரல்.

"எனக்கு அவளத் தெரியாது."

பலகை ஒருமுறை கிறீச்சிட்டது.

"எனக்கு அவளத் தெரியாது. தெரியாதுங்க."

அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கேள்வி எங்கள் காதில் விழவில்லை. கடைசியில் கனத்த சாவி ஒன்று திரும்பும் சத்தம் கேட்டது. அந்தப் பரணுக்குப் பூட்டே கிடையாது.

வாட்தான் போய் அவரை இறக்கிக்கொண்டு வந்தான். கிரிம்ஷாவின் தோளில் வைக்கோல் ஒட்டியிருந்தது. மறுநாள் மார்பில் செந்தடிப்புகள் கிளம்பின. வைத்தியர் கதவருகிலேயே நின்று பார்த்துவிட்டு, சிறைக் காய்ச்சல் என்றார். எந்தச் சிறைக்குப் போயிருந்தார் என்று கேட்டார். சிறை இருக்கும் தெருவைக்கூட கிரிம்ஷா மிதித்ததில்லை.

காய்ச்சலிலும் மாறவில்லை. நான் தண்ணீர் கொண்டுபோனபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "மேல போடாத. சிரிப்பானுங்க" என்றார். எனக்கு இரக்கம் வரவில்லை. இன்றும் வரவில்லை.

கீழே வந்து ஹெஸ்டரிடம் கேட்டேன்: "அவ பேர மேல போடுவியா, மாட்டியா?"

அவள் எழுத்துப் பெட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். "சின்னப் பொண்ணா இருந்தப்பவே கோக்க ஆரம்பிச்சவ நான். எங்கப்பாவோட அச்சகம் இது. இந்த வீட்ல வந்த அத்தனை புத்தகமும் என் கை. அடியில எப்பவும் அவரு பேரு" என்றாள். "பொண்டாட்டி பேர எவனும் போடமாட்டான். விதவை பேரத்தான் போடுவாங்க. நம்ம பேரு அச்சுல ஏறணும்னா புருஷன் சாகணும், டாமரிஸ்."

மேலே படுக்கையறையிலிருந்து அவர் மூச்சு கரகரவென்று கேட்டுக்கொண்டிருந்தது.

ஹெஸ்டர் கோக்கத் தொடங்கினாள். அவள் விரல்கள் பெட்டியைப் பார்க்காமலே எழுத்தை எடுத்தன. மேலே: எழுதியவர், தாமசின் குவாரல். பிறகு கொஞ்சம் நிறுத்தினாள். அடிவரியைக் கோத்தாள்: அச்சிட்டவர், ஹெஸ்டர் கிரிம்ஷா, விதவை.

"ஹெஸ்டர்" என்றேன். "அவரு இன்னும் இருக்காரு."

"தெரியும்" என்றாள். "வாட், இழு."

கம்பி வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் வந்தது. தாளைத் தூக்கினோம். ஒவ்வொரு எழுத்தும் கறுப்பாக, முழுசாக விழுந்திருந்தது. தடவிப் பார்த்தேன். எங்கும் பள்ளம் இல்லை.

அப்போதுதான் மூவரும் கவனித்தோம். மேலே மூச்சு நின்றிருந்தது.

புத்தகம் அந்த முகப்போடுதான் வந்தது. சிலர் சிரித்தார்கள். வாங்கியவர்கள் வாங்கினார்கள். அக்கா இனி அடங்கிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் கடையை நானே எடுத்துக்கொண்டேன்.

நேற்று வேறொரு அச்சகத்திலிருந்து மடிப்பதற்குக் கட்டு ஒன்று வந்தது. நாட்டுப்புற மாளிகை ஒன்றைப் பற்றிய கதை. தாள்கள் நன்றாகக் காய்ந்திருந்தன. தலைப்பின் கீழ், 'கனவான் ஒருவர் எழுதியது' என்றிருந்தது. மடித்து நீவினேன். கட்டைவிரல் கறுப்பானது.

'கனவான்' என்ற சொல் என் கண்ணெதிரே ஈரமாகிக் கசிந்தது. அதன் கீழிருந்து வேறொரு பெயர் மெல்ல ஊறி வந்தது. ஒரு பெண்ணின் பெயர். என் அக்காவுடையது அல்ல. அப்படி ஒருத்தியை நான் கேள்விப்பட்டதே இல்லை.

கடைக்குள் வினிகர் வாடை நிறைந்தது.

தாளைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு, அவள் யார், எங்கே இருக்கிறாள், உயிரோடு இருக்கிறாளா என்று விசாரிக்கக் கிளம்பினேன்.

"இரு அக்கா" என்றேன். "சால்வைய எடுத்துக்கிறேன்."

எனக்கு முன்னாலேயே கதவின் தாழ்ப்பாள் தானாகத் தூக்கிக்கொண்டது.