பக்கத்தில் படுத்திருந்த கை

அறுபத்தெட்டு சித்திரையில் அம்பத்தூரில் ஒரு டாக்டரிடம் நான் கம்பவுண்டர். பெயர் பால்ராஜ்தான் என்றாலும் தெருவில் பாதிப் பேர் என்னையே டாக்டர் என்பார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. அந்தத் தலைக்கனம்தான் வினையாயிற்று.

லேத் பட்டறையில் வேலை செய்யும் அப்பாவு ஒருநாள் காலையில் வந்தான்.

"டம்ளர் கைல நிக்கல அண்ணாத்தே. எடது கை அப்டியே தொங்கிச்சு, வாய் கோணிகிச்சு. பத்து நிமிசத்துல எல்லாம் சரியாப் பூட்சு. இன்னா இது?"

டாக்டர் உள்ளேதான் இருந்தார். நான் போய்ச் சொல்லவில்லை. பித்தம் என்று சொல்லி, சோடா உப்பைக் கலக்கிக் கொடுத்து அனுப்பினேன்.

மூன்றாம் நாள் உச்சிவெயிலில் அவன் மனைவி கன்னியம்மா ஓடி வந்தாள். டாக்டர் பட்டணம் போயிருந்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு நானே போனேன். ஏரிக்கரையை ஒட்டிய ஓட்டு வீடு. ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். உள்ளே கற்பூரமும் பச்சை ரத்தமும் கலந்து நாறியது. தரையில் புறா இறகுகள்.

"காலீல ஏரிக்கரைக்குப் போனாரு. முனி அறைஞ்சிட்சு," என்றாள். "பூசாரிதான் புறா ரத்தம் தடவச் சொன்னாரு."

அப்போதிருந்து தடவிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அப்பாவுவின் இடது கையில் தோள் வரைக்கும் ரத்தம் கறுத்துக் காய்ந்திருந்தது. வாய் வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போயிருந்தது. அவன் வலப்பக்கச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணாத்தே," என்று குழறினான். "பக்கத்துல யாரு பட்துகினு கீறது?"

"யாரும் இல்லப்பா."

"அப்போ இந்தக் கை யார்து?"

அவன் இடது கையைத் தூக்கி முகத்துக்கு நேரே காட்டினேன். "உன்னோடதுதான்."

"என்து இல்ல. அன்னிக்கே கூட வந்துட்சு. உங்கிட்ட காட்னனே."

கையைக் கீழே வைக்கப் போனேன்.

அது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

பிடுங்கிக்கொண்டு ஓடிப் போய் டாக்சி பிடித்தேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மணி மூன்று. "மூளைக்கு ரத்தம் போற குழாய் அடைச்சிருக்கு," என்றார் அங்கிருந்த டாக்டர். "இந்த மாதிரி ஆளுங்களுக்குச் சில சமயம் சொந்தக் கையே அடையாளம் தெரியாது. முன்னாடி ஒரு தடவை வந்துட்டுப் போயிருக்குமே, யார்கிட்டயும் காட்டலையா?"

கன்னியம்மா என்னைப் பார்த்தாள். பொழுது சாயும் முன்பே அப்பாவு போய்விட்டான்.

அந்தக் கை அசைந்ததே இல்லை, என் பயம்தான் என்று சொல்லிச் சொல்லியே பதினோரு வருஷம் தூங்கினேன்.

இன்று காலை என் கையில் இருந்து காப்பி டம்ளர் நழுவியது. பத்து நிமிஷம் வாய் குழறியது. பிறகு சரியாகிவிட்டது. இன்னா ஆச்சு என்று மனைவி பொன்னம்மாள் கேட்டதற்குப் பித்தம் என்றேன்.

அப்பாவு செத்த கதையை எழுதி வைத்துவிடலாம் என்று இப்போதுதான் உட்கார்ந்தேன். ஜன்னல் காற்றில் காகிதம் பறக்காமல் ஒரு கை அழுத்திப் பிடித்திருக்கிறது. பொன்னம்மாள்தான் என்று நினைத்தேன். அவள் கிணற்றடியில் துணி துவைக்கும் சத்தம் கேட்கிறது.

என் கை இவ்வளவு கறுப்பில்லை.

நகக்கண்ணில் காய்ந்த ரத்தம். ஒரு சின்ன இறகும் ஒட்டியிருக்கிறது.