நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் குறையில்லை

வாருங்கள், மனச்சாட்சியை இன்னும் விற்றுவிடாத பெருமக்களே, இந்தக் கோப்பறைக்குள் வந்து நில்லுங்கள்! ஓர் அநியாயம் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, கையுறை அணிந்துகொண்டு, பட்டப்பகலில் இங்கே நடந்தது. சாட்சி ஒருத்திதான். ஒருத்தி போதாது, அதனால்தான் உங்களை அழைக்கிறேன்.

அவள் மருத்துவ மதிப்பீட்டாளர். புதிய சிகிச்சை என்று எவன் எதைத் தூக்கிக்கொண்டு வந்தாலும், அது நோயைத் தீர்க்கிறதா, நோயாளியைத் தீர்க்கிறதா என்று ஆவணங்களை அலசிச் சொல்வது அவள் தொழில். அலுவலகத்தில் அவளுக்குச் 'சல்லடை' என்று பட்டப்பெயர். அன்று பிற்பகல் அந்தச் சல்லடையில் ஒரு சின்னப் பிசகு சிக்கியது. நானூற்றுப் பன்னிரண்டு நோயாளிகள். அத்தனை பேரிடமும் தொலைபேசியில் நலம் விசாரித்ததாகக் கோப்பு சொன்னது. அத்தனை உரையாடல்களும் ஒரு நொடி கூடாமல், ஒரு நொடி குறையாமல் ஒரே நீளம்.

சிகிச்சையின் பெயர் ஒளிக்குருதி. உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தின்னும் நோயாளிகளுக்கும், தடுப்பூசிக்குப் பின் உடம்பு படுத்துகிறது என்று முறையிட்டவர்களுக்கும் இரத்தத்தை வெளியே எடுத்து, ஊதா விளக்கில் காட்டி, மறுபடி உள்ளே ஏற்றும் வித்தை. விளக்கைக் கண்டதும் நோய் வெட்கப்பட்டு ஓடிவிடுமாம்! இந்த அற்புதத்துக்கு ஆதாரம் என்ன? இந்தச் சிகிச்சை நிலையத்து இயக்குநரின் புன்னகை. வேறென்ன? வரவேற்பறைச் சுவரில் ஆளுயரத்துக்குத் தொங்கும் அதே புன்னகை. மாலைக்குள் சல்லடை ஒப்பம் இட்டுவிட்டால், இந்த விளக்கு எல்லா மருத்துவமனைகளிலும் எரியும்.

அவள் தங்கை இதே கட்டடத்தின் மேல்மாடியில் கிடந்தாள். தன் அலுவலக மேலிடத்துக்கு அதைச் சொல்லாமல்தான் அக்கா வந்திருந்தாள். தங்கையின் மூட்டுகளையும் சிறுநீரகத்தையும் அவள் உடம்பே ஐந்து ஆண்டுகளாக அரித்துக்கொண்டிருந்தது. தடுப்பூசி போட்ட மாதத்தில் வலி முற்றியது. ஊசியால் முற்றியதா, ஊசிக்குப் பின் தற்செயலாக முற்றியதா என்று தேடிப் பார்க்கப் பெரிய மருத்துவமனையின் மேதைகளுக்கு நேரமில்லை. மூன்று நிமிடம் பார்த்து, 'மனப்பிரமை' என்று எழுதி அனுப்பினார்கள். கேட்க வேண்டிய காது அடைத்துக்கொண்டால், கேட்பதுபோல் நடிக்கும் காது கடை விரிக்காதா?

“அவங்க எதையுமே நிரூபிக்கலடி. மாத்திரையை நிறுத்தாத,” என்று, தங்கை இங்கே சேர வந்த அன்று வாசலில் மறித்தாள் அக்கா.

“நிரூபிச்ச மாத்திரையைத்தான் அஞ்சு வருஷமா முழுங்குறேன். இவங்களாவது உட்கார வெச்சுக் கேட்டாங்க. போக்கா, நீயும் உன் சல்லடையும்!”

பத்தொன்பது நாள் ஆயிற்று. கடைசி நான்கு நாளாகத் தங்கையிடமிருந்து பேச்சு இல்லை.

சல்லடை காதுக்கருவியை மாட்டிக்கொண்டு முதல் ஒலிப்பதிவைக் கேட்டாள். மணி அடித்தது, யாரோ எடுத்தார்கள். “சிகிச்சைக்கு அப்புறம் ஏதாவது குறை இருந்தா இப்பச் சொல்லுங்க,” என்றது, இந்த நிலையத்தில் அழைப்புகளைக் குறித்துவைக்கும் பதிவாளரம்மாளின் குரல். பிறகு பதினைந்து நொடி மௌனம். “நன்றி. குறை இல்லைன்னு பதிஞ்சுக்கிறேன்.” இரண்டாவதும் அப்படியே. ஏழாவதும், எழுபதாவதும் அப்படியே. ஆனால் அந்த மௌனம் வெறும் மௌனமாக இல்லை. ஒலியைக் கூட்டிவைத்துக் கேட்டபோது, ஆழத்தில் ஈரத்துணியைப் பிழிவதுபோல் ஒரு மூச்சு இழுத்தது. அந்த மூச்சுக்குப் பின்னால், தளர்ந்த ரப்பர் குழாய்க்குள் நீர் தள்ளும் எந்திரம் ஒன்று, விட்டு விட்டு, விட்டு விட்டுத் துடித்துக்கொண்டிருந்தது. வெவ்வேறு ஊர்க்காரர்கள், வெவ்வேறு வீடுகள். எந்திரம் மட்டும் ஒன்றே.

பதிவாளரம்மாள் தேநீரோடு வந்தாள்.

“யாருமே பேசலையே?”

“குறை இருந்தா பேசியிருப்பாங்கல்ல மேடம்? எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான். சமையல் நல்லா இருந்தா வாயே திறக்க மாட்டார்.”

“போன எடுத்தவங்க உயிரோடதான் இருக்காங்களா?”

“நல்லா கேட்டீங்க! செத்தவங்க போன் எடுப்பாங்களா?” விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு வாயில் மட்டும் இருந்தது; அவள் கண் சுவர்க்கடிகாரத்தில் இருந்தது. “நாலு மணிக்கு எனக்கு ஒரு அழைப்பு இருக்கு. நீங்க படிங்க.”

அவள் போனாள். கிருமிநாசினியின் காரநெடிக்கு அடியிலிருந்து இன்னொரு வாசம் மெல்ல மேலேறியது: துருப்பிடித்த இரும்பின் வாசம். சல்லடை கோப்பின் கடைசித் தாளைப் புரட்டினாள்.

நானூற்றுப் பன்னிரண்டாவது படிவம். தங்கையின் பெயர். வீடு திரும்பினார் என்று எழுதியிருந்தது. அழைத்த நாள், இன்று. நேரம், நான்கு மணி. பதில், குறை இல்லை.

கடிகாரத்தில் நான்காக இன்னும் மூன்று நிமிடம் இருந்தது.

வராத மௌனத்தை முன்கூட்டியே எழுதிவைத்திருந்தார்கள்.

எழுந்தாள். தேநீர் கவிழ்ந்தது. நடைவழி வெறிச்சென்று கிடந்தது. காதுக்கருவியைக் கழற்றிய பிறகும் அந்த எந்திரம் கேட்டது. விட்டு விட்டு. சுவருக்குள். இல்லை, மேலே. படியேறினாள். ஒவ்வொரு படிக்கும் இரும்பு வாசம் கனத்தது. மேல்மாடியில் ஒரே கதவு. கதவுக்கு அடியில் ஊதாக் கோடு.

தள்ளினாள்.

மண்டபம். வரிசை வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். வீடு திரும்பியதாக எழுதப்பட்டவர்கள் அனைவரும் அங்கே இருந்தார்கள். கைக்குக் கை குழாய். ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு. ஒரே எந்திரம். ஒரே இரத்தம்.

முதல் வரிசையின் ஓரத்தில் தங்கை. தோல் மெழுகு. கண் மட்டும் உயிர்.

பதிவாளரம்மாள் அவள் காதருகே தொலைபேசியைப் பிடித்திருந்தாள். “...இருந்தா இப்பச் சொல்லுங்க.”

தங்கையின் உதடு அசைந்தது. சத்தமில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. சத்தமில்லை. பதினான்கு நொடி. பதினைந்து.

“நன்றி. குறை இல்லைன்னு...”

“இருக்கு!” அக்கா அலறினாள். “என் தங்கச்சிக்குக் குறை இருக்கு! எழுதுடி!”

பதிவாளரம்மாள் கோபப்படவில்லை. பள்ளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னாள். “நோயாளி வாயால சொன்னாத்தான் மேடம் பதிவு. இந்தப் படிவமே உங்க ஆபீஸ் கொடுத்ததுதானே?”

நீட்டினாள். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: 'குறை தெரிவிக்கப்படாவிடில், குறையில்லை எனக் கொள்க.'

அந்த வரி அவளுடையது. ஆறு ஆண்டுகளுக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை, வேலை சீக்கிரம் முடியட்டும் என்று அவளே எழுதிக்கொடுத்த வரி.

தங்கை அவளைப் பார்த்தாள். பக்கத்து நாற்காலியும் பார்த்தது. அடுத்ததும். வரிசை முழுதும் தலைகள் திரும்பின. குழாய்கள் இழுபட்டன. நானூற்றுப் பன்னிரண்டு வாய்கள், மெல்ல, ஒரே நேரத்தில் திறந்தன.

ஓசையே இல்லை.

இன்னும் திறந்தே இருக்கின்றன, பெருமக்களே! சான்று எங்கே என்று கேளுங்கள்; புன்னகையைக் காட்டினால் துப்புங்கள். வலிக்கிறது என்பவனை விரட்டிய மேதையையும் இழுத்து வந்து நிறுத்துங்கள். பேசாதவர்களை நலமானவர்கள் என்று எண்ணும் ஒவ்வொரு தாளையும் கிழியுங்கள். பிறகு மாடி ஏறுங்கள். ஒவ்வொரு வாயருகிலும் காதை வையுங்கள். பதினைந்து நொடியில் எழுந்துவிடாதீர்கள்!