ஒரு சுரம் குறைந்த மெட்டு

“என் சகலையை நான் அறைஞ்சேன். அது நியாயம்தான்னு நீங்க நிரூபிச்சுக் குடுக்கணும்.”

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே இயக்குநர் இதைச் சொல்லிவிட்டார். வக்கீலம்மா நாற்காலியைக் காட்டினார். நீதிமன்றத்தை விட்டு வந்து தனியார் விசாரணைகளை எடுத்துச் செய்பவர் அவர். எதிரில் இருப்பவர் எவ்வளவு கத்தினாலும் அவர் குரல் உயராது. அதனாலோ என்னவோ, கத்துகிறவர்களே அவரைத் தேடி வந்தார்கள். உதவிக்கு இருந்த நாத்தனார் அவருக்கு நேர்மாறு. எந்தப் படம் வந்தாலும் முதல் நாளே பார்த்துவிடுவாள். பார்த்ததை நெஞ்சில் வைத்துக்கொள்ள மாட்டாள். வீட்டில் அவள் பெயர் பட்டாசு.

“எங்க வெச்சு அறைஞ்சீங்க?” என்றாள் பட்டாசு, ஆவலை மறைக்காமல்.

“தியேட்டர் வாசல்ல. எல்லாரும் பார்க்க.”

அவர் எடுத்திருந்தது ஒரு மர்மப்படம். அடுத்தடுத்துக் கொலைகள், கொலைகாரன் முகம் தெரியாது. ஆனால் ஒவ்வொரு கொலைக்கு முன்பும் புல்லாங்குழலில் ஒரு சின்ன மெட்டு வரும். அது கேட்டால் அவன் வந்துவிட்டான் என்று பார்ப்பவர்களைப் பழக்கிவிட்டிருந்தார்கள். கடைசிவரை நல்லவராகவே தெரிகிற டாக்டர்தான் கொலைகாரன்.

“நடுவுல ஒரு காட்சி. புருஷனை இழந்த பொண்ணுக்கு டாக்டர் மருந்து ஊத்திக் குடுக்கறார். அங்க இசையே கூடாதுன்னு பேசி முடிச்சது. தியேட்டர்காரங்களைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டறோம். டாக்டர் பாட்டிலைச் சாய்க்கறார், அந்த மெட்டு வருது! பின்வரிசையில ஒருத்தன் ‘அட, இவன்தான்டா அவன்’னு கத்தறான். கொல்லுன்னு ஒரே சிரிப்பு. குட்டு உடைஞ்சப்புறம் மிச்சப் படத்தை எவன் பார்ப்பான்?”

“இசையமைப்பாளர் உங்க சகலையா?”

“என் மனைவியோட தங்கச்சி புருஷன். பாதி இடத்துல அவன் இசையை நான் வெட்டி எடுத்துட்டேன். ‘என் இசை இல்லாட்டி உங்க படம் பொணம்’னு மூஞ்சிக்கு நேரா சொன்னான். அந்த வன்மம். இப்போ என் மேல போலீஸ்ல புகார் வேற. அவன் பண்ணின சதி வெளியில வந்தாதான் நான் தலை நிமிர முடியும்.”

“காட்சி எப்போ முடிவாச்சு?”

“அன்னைக்குக் காலையில. டாக்டர் மருந்தை ஊத்திட்டு, ஜன்னல் வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வந்துதான் டம்ளரைத் தட்டுல வைப்பார். இழுவையா இருந்துச்சு. அந்த நடையை வெட்டுன்னு சொல்லிட்டு நான் தியேட்டருக்குக் கிளம்பிட்டேன். எடிட்டிங் ரூம்ல என் மனைவி இருந்தா, அவதான் எடிட்டர். இவன் ஏதோ இசையைக் குடுக்க வந்திருக்கான். ஒலிக்கலவைக்காரர் படத்தை வாங்கிட்டுப் போக வந்திருக்கார். வேற ஈ காக்கா நுழையல.”

“அன்னைக்கு ஓடின பிரதி?”

“அன்னைக்கே பீரோவுல வெச்சுப் பூட்டினேன். யாருக்கும் போட்டுக் காட்டல. உங்களுக்காக எடுத்துட்டு வந்தேன்.”

அவர் போனதும் இருவரும் அந்தக் காட்சியைப் போட்டுப் பார்த்தார்கள். டாக்டரின் கை பாட்டிலைச் சாய்த்தது. மெல்லிய மூச்சு ஒன்று கேட்டது, தொடர்ந்து குழல். டம்ளர் தட்டில் பட்ட அதே நொடியில் குழல் அறுந்தது. அதன் பிறகு நிசப்தம். அந்தப் பெண் டம்ளரை எடுத்துக் குடித்தாள்.

“படத்துல முதல்ல வர்ற கிணற்றடிக் கொலைக்கு முன்னாடி கேட்கற மெட்டைப் பாடிக் காட்டு,” என்றார் வக்கீலம்மா.

பட்டாசு அந்த இடத்தை ஓடவிட்டுக் கேட்டுவிட்டு, முழுதாக முனகிக் காட்டினாள். “அண்ணி, அங்க மெட்டு இறங்கி வந்து ஒரு சுரத்துல உட்காருது. இங்க அந்தக் கடைசிச் சுரத்தையே காணோம்!”

“ம்,” என்றார் அண்ணி.

ஒலிக்கலவைக்காரர் அவர்களை வரவேற்றது அழகாக இல்லை. “சகலைங்க ரெண்டு பேரும் முட்டிக்குவாங்க, நடுவுல நான் நசுங்கணுமா? படம் என் கைக்கு வந்தப்போ தியேட்டர்ல ஆள் உட்கார்ந்தாச்சு. கேட்டுப் பார்க்க நேரமில்ல, அப்படியே ஓட்டினேன்.”

“குழலை மட்டும் தனியா எடுக்க உங்களால முடியும்ல?” என்று பட்டாசு மடக்கினாள்.

“முடியும். எடிட்டிங் ரூம்லயும் முடியும். எல்லாக் கருவியோட ஒலியும் தனித்தனியாத்தான் ரெண்டு இடத்துக்கும் வருது.” அவர் எரிச்சலோடு படத்தின் வேறு சில இடங்களைப் போட்டுக் காட்டினார். இசை வந்தது தெரியாமல் வந்தது. போனதும் தெரியாமல் போனது. “தூங்கற குழந்தையைத் தொட்டில்ல இறக்கற மாதிரி இறக்கணும். பட்டுனு நிறுத்தினா என் தொழிலுக்கே அசிங்கம். போதுமா? கிளம்புங்க.”

தெருவுக்கு வந்ததும் பட்டாசு, “இவன்தான் அண்ணி! என்ன திமிர் பாருங்க,” என்றாள்.

“திமிர் பிடிச்சவனெல்லாம் திருடன்னா ஊர்ல ஜெயில் பத்தாது.”

இசையமைப்பாளர் வீட்டுக் கதவு பாதிதான் திறந்தது. திறந்தவள் அவர் மனைவி. “மாமா அனுப்பின ஆளுங்களா? இன்னும் என்ன பாக்கி இருக்கு?” என்றாள். வக்கீலம்மா வாசலிலேயே பொறுமையாக நின்றார். கொஞ்ச நேரம் கழித்துக் கதவு முழுதாகத் திறந்தது.

இசையமைப்பாளர் ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவருடைய இடப்பக்கம் நின்று பட்டாசு கேட்ட கேள்விக்கு அவர் திரும்பவே இல்லை. பட்டாசுக்குச் சுருக்கென்றது; இன்னொரு திமிர் என்று நினைத்தாள். மனைவி சுற்றி வந்து, அவருடைய வலது காதருகே குனிந்து அதே கேள்வியைச் சொன்னாள்.

“சவ்வு கிழிஞ்சு உள்ளேயும் அடி,” என்றார் அவர், சாதாரணமாக. “இடது காது இனிமே வராதுன்னு சொல்லிட்டாங்க. ஒரு பக்கச் சுவர் இடிஞ்ச வீடு மாதிரி இருக்கு. சத்தம் எந்தத் திசையிலேருந்து வருதுன்னே தெரியல.”

பட்டாசு மெல்ல அவருடைய வலப்பக்கம் வந்து நின்றாள்.

வக்கீலம்மா அந்தக் காட்சியின் ஒலியை அவருடைய வலது காதுக்குப் போட்டுக் காட்டினார். தொடக்கத்திலேயே அவர் கையை உயர்த்தினார். “இந்த மூச்சு கிணற்றடிக் காட்சியில வருது. குழல்காரர் அன்னைக்குச் சளியோட வாசிச்சார். புதுசா வாசிச்சதில்ல இது, அங்கேருந்து பிய்ச்சு எடுத்திருக்காங்க. கடைசிச் சுரத்தை வேற முழுங்கிட்டாங்க, பாவிங்க.”

“நீங்க அந்தக் காட்சியைக் கடைசியா எப்படிப் பார்த்தீங்க?”

தன்னிடமிருந்த பிரதியைப் போட்டார். அதில் டாக்டர் ஜன்னல்வரை நடந்து போய்த் திரும்பினார். “வெட்டினாங்களா? எனக்குத் தெரியாதே. அன்னைக்குக் காலையில எடிட்டிங் ரூம் வாசலோட சரி. அக்கா கதவு இடுக்கு வழியா கை நீட்டி வாங்கிட்டுச் சாத்திட்டாங்க. அவங்க என்னோட பேசறதை நிறுத்தி ரொம்ப நாளாச்சு.”

எடிட்டிங் அறையில் இயக்குநரின் மனைவி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினாள். ஆமாம், தங்கை புருஷன் வந்தான்; வாசலிலேயே வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டாள். மெட்டு எப்படி உள்ளே வந்ததென்று அவளுக்குத் தெரியாது.

“தியேட்டர்ல நீங்க எங்க உட்கார்ந்திருந்தீங்க?”

“நான் எந்தப் படத்துக்கும் உள்ளே உட்கார மாட்டேன், நெஞ்சு படபடக்கும். வெளி வராந்தாவுல நின்னேன். கதவைச் சாத்திட்டா வசனமே கேட்காது. சிரிப்புதான் கேட்டுச்சு.”

“மத்தவங்க கஷ்டப்பட்டுப் படம் எடுத்தா பார்க்க வர்றவங்களுக்கு என்ன இளக்காரம் பாருங்க,” என்று பட்டாசு அனுதாபப்பட்டாள்.

அது போதுமானதாக இருந்தது. எடிட்டர் நாற்காலியைத் திருப்பினாள். “முட்டாள் கூட்டம்! டம்ளரை வெச்சதும் மெட்டு பட்டுனு நிக்குது. அந்த நிசப்தத்துல அவ எடுத்துக் குடிக்கறா. ஈரக்குலை நடுங்க வேண்டிய இடம். அங்க போய்ச் சிரிக்கறாங்க!”

வக்கீலம்மா மெதுவாக எழுந்தார். “நாளைக்குக் காலையில என் வீட்டுக்கு எல்லாரும் வந்துடுங்க,” என்றார்.

மறுநாள் நான்கு பேரும் வந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒலிக்கலவைக்காரர் வாசலை ஒட்டி நின்றார். இசையமைப்பாளர் வலது காது வக்கீலம்மா பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தார்.

“சத்தத்தை முடிக்கறதுல ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு வழக்கம்,” என்று வக்கீலம்மா ஆரம்பித்தார். “மெட்டுப் போடறவர் அதைக் கடைசிச் சுரத்துல கொண்டுபோய் உட்கார வைப்பார். அதைத் தொங்கவிட அவருக்கு மனசு வராது. ஒலியைக் கலக்கறவர் மெல்ல இறக்கி அணைப்பார். இந்த மெட்டு உட்காரவும் இல்ல, அணையவும் இல்ல. படத்துல டம்ளர் தட்டைத் தொடற இடத்துல கத்தரிச்ச மாதிரி நிக்குது. படத்தைப் பார்த்துச் சத்தத்தை வெட்டற கை அது.”

“வழக்கத்தை வெச்சு ஆளைப் பிடிச்சுடுவீங்களா?” என்றார் இயக்குநர்.

“பிடிக்க முடியாது. அதனால அடுத்தது. நடையை வெட்டினது அன்னைக்குக் காலையில. பழைய படத்துக்கு இந்த மெட்டை வெச்சா, டாக்டர் ஜன்னலுக்குப் போறதுக்குள்ளேயே முடிஞ்சிடும். வெட்டினப்புறம் இருக்கற நீளத்துக்குக் கச்சிதமா வெச்சிருக்காங்க. உங்க சகலைகிட்ட இருந்தது பழைய பிரதி. அவர் வாசப்படி தாண்டலன்னு உங்க மனைவியே சொன்னாங்க. கலவைக்காரருக்குக் கேட்டுப் பார்க்கக்கூட நேரமில்ல.” அவர் எடிட்டர் பக்கம் திரும்பினார். “நீங்க வராந்தாவுல இருந்தீங்க. வசனமே கேட்கல. அந்தப் பிரதி அன்னையிலேருந்து பூட்டி இருக்கு. டம்ளரை வெச்சதும் மெட்டு நிக்குதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்மா?”



“இதுக்கா உங்களைக் கூப்பிட்டேன்?” என்று இயக்குநர் சீறினார்.

“உண்மையைக் கண்டுபிடிக்கக் கூப்பிட்டீங்க. அது உங்க கட்சியில இருக்கும்னு நான் வாக்குக் குடுக்கல.”

எடிட்டர் சிரித்தாள், நல்ல சிரிப்பு இல்லை. “ஆமா, நான்தான். படம் அந்த இடத்துல செத்துக் கிடந்துச்சு. குடுக்கறவன் யாருன்னு தெரியாட்டி அவ மருந்து குடிக்கறதைப் பார்த்து எவனுக்குப் பயம் வரும்? தெரிஞ்சாதான் பதறும். தலைபாடா அடிச்சுக்கிட்டேன். ‘நீ வெட்டற வேலையை மட்டும் பாரு’ன்னு சொன்னது யாரு?” அவள் கணவனைப் பார்த்தாள். “பார்க்கறவங்க பதறினா அப்போ சொல்லலாம்னு இருந்தேன். சிரிச்சுத் தொலைச்சுட்டாங்க.”

“இவரை அடிக்கறப்போ சொல்லியிருக்கலாமே,” என்றார் வக்கீலம்மா.

“சொல்லியிருக்கலாம்.” அவள் குரல் இறங்கியது. “அடி விழுந்தப்போ எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. என் வெட்டுல நிக்கற காட்சிக்கெல்லாம் இவன் இசைதான் காரணம்னு ஊரு கை தட்டிச்சு. ஒரு அறைதானேன்னு நினைச்சேன்.”

“ஒரு அறைதான்,” என்றார் இசையமைப்பாளர். “இடது காது போயிடுச்சு.”

இயக்குநர் எழுந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். “தம்பி...” என்றார்.

“அந்தப் பக்கத்துலேருந்து பேசாதீங்க, கேட்காது.” அவர் எடிட்டரிடம் திரும்பினார். “வெச்ச இடம் சரியான இடம், அக்கா. குழல்தான் தப்பு. அது விரல் நீட்டிக் காட்டிக் குடுக்குது, அதான் சிரிச்சாங்க. கேட்டிருந்தா, இருக்கறதே தெரியாம அடியில, கனத்த குரல்ல, ஒரே ஒரு செல்லோ குடுத்திருப்பேன். ஒருத்தனும் சிரிச்சிருக்க மாட்டான். திரையில பாய்ஞ்சு டம்ளரைத் தட்டிவிடலாமான்னு இருந்திருக்கும். கேட்க உங்களுக்கு வாய் வரல.”

அவள் தலை குனிந்தது.

“புகாரை நான் வாபஸ் வாங்க மாட்டேன். என் இசை ஒரு துளிகூட அந்தப் படத்துல இருக்கக்கூடாது. அன்னைக்கு வேடிக்கை பார்த்த அத்தனை பேரையும் கூப்பிட்டு, நடந்ததை நீங்க ரெண்டு பேரும் உங்க வாயால சொல்லணும்.”

“இசை இல்லாம எப்படிப்பா...” என்று இயக்குநர் தொடங்கினார்.

“பொணத்தைத் தூக்கிக் காட்டுங்க,” என்று சொல்லிவிட்டு அவர் வெளியேறினார்.

அடுத்த வாரம் அதே தியேட்டரில் அதே ஆட்கள் கூடினார்கள். வக்கீலம்மாவும் பட்டாசும் பின்வரிசையில் இருந்தார்கள். இசையமைப்பாளர் வரவில்லை. அவர் மனைவி மட்டும் வந்து, உட்காராமல் கதவோரம் நின்றாள். இயக்குநர் முன்னால் போய், குற்றமில்லாத ஆளைத் தான் அடித்ததைச் சொன்னார்.  எடிட்டர் மெட்டை வைத்தது தானென்றும், அடி விழுந்தபோது தெரிந்தே வாய் மூடி நின்றதாகவும் சொன்னாள். 

இசையில்லாத அந்தப் படத்தைப் போட, விளக்குகள் அணையத் தொடங்கின. தங்கை கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். எடிட்டர் நாற்காலிகளுக்கிடையே இடித்துக்கொண்டு ஓடினாள். பட்டாசு எழுந்து அவள் பின்னால் போனாள்.

படிக்கட்டின் மேல்படியில் அக்கா நின்றிருந்தாள். “பாப்பா,” என்றாள், கேட்டும் கேட்காத குரலில்.

கீழே இறங்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“சத்தமா கூப்பிடு,” என்றாள். “எங்க வீட்டுல இப்போ அப்படித்தான் கூப்பிட்டுக்கறோம்.”

அக்கா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. தங்கை கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, தெருவில் இறங்கி நடந்தாள்.