யாரும் சாயாத வீடு

அந்த வீட்டில் யாரும் எதன் மேலும் சாய்வதில்லை. வீட்டுக்காரம்மா முதுகு படாமல் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தார். அவர் கணவர் கதவு நிலையில் உரசாமல், தோளைக் குறுக்கிக்கொண்டு கூடத்துக்குள் வந்தார். பக்கத்து அறையில் காய்ச்சல்காரர் யாரோ இப்போதுதான் கண்ணசந்ததுபோல இருவரும் மெதுவாகவே பேசினார்கள்.

"முன்னாடி கரையான் இருந்தது நிஜம்தான், மறைக்கல. மருந்து அடிச்சு, நிலை, ஜன்னல் எல்லாம் மாத்தியாச்சு," என்றார் அந்த அம்மாள்.

நாள் முழுக்கக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊரார் புகாரைக் கேட்பதுதான், வீடு பார்க்க வந்திருந்த அவளுக்கு வேலை. குரலை வைத்தே ஆளை எடை போட்டுவிடுவாள். இந்தக் குரலில் பொய் இல்லை. அதுதான் உறுத்தியது. வீடு விற்கிறவர்கள் இவ்வளவு யோக்கியமாகவா பேசுவார்கள்?

வாடகை வீட்டை இந்த மாதத்துக்குள் காலி செய்தாக வேண்டும். பார்த்ததிலேயே காற்றும் வெளிச்சமும் உள்ள வீடு இது ஒன்றுதான். அவள் கணவன் வீட்டின் அழகில் வாசலிலேயே மயங்கிவிட்டான். "நீ சரின்னா சரி. அப்புறம் என்னைத் திட்டக் கூடாது," என்று பொறுப்பை அவள் தலையில் கட்டிவிட்டு, தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வீட்டுக்காரரோடு மொட்டைமாடிக்குப் போனான். கெட்டிக்காரன்தான். நாளைக்கு ஏதாவது என்றால் பழி அவளுக்கு.

மகள் பூசணி அவள் தோளில் தூங்கி வழிந்தாள். நாலு வயதுக்கு நல்ல கனம். பட்டப்பெயர் சும்மா வரவில்லை. கை விட்டுப்போனதால், வீட்டுக்காரம்மா காட்டிய உள்ளறைக் கட்டிலில் அவளைக் கிடத்தினாள். வாங்கினால் அதுதான் பூசணியின் அறை.

குடிக்க ஏதாவது கொண்டுவருவதாகச் சொல்லி வீட்டுக்காரம்மா சமையலறைக்குப் போனார். மேகம் மூடிய பிற்பகல் வெளிச்சம் ஜன்னல் வழியே தயங்கித் தயங்கி இறங்க, புது வார்னிஷ் வாசனைக்கு அடியிலிருந்து ஈர மண் வாடை லேசாக மூக்கில் ஏற, தலைக்கு மேல் கணவனின் செருப்புச் சத்தம் மூலைக்கு மூலை நகர, அவள் கூடத்து நிலையருகே வந்து நின்றாள். மேலே பளபளவென்றுதான் இருந்தது. உள்ளே எப்படியோ. வீடு பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். விரல் முட்டியால் தட்டினாள். டொக், டொக்.

கெட்டியான சத்தம். அப்பாடா என்றிருந்தது.

அப்போது வீட்டுக்குள் ஏதோ ஒன்று நின்றது.

மின்விசிறி இல்லை. அது சுற்றிக்கொண்டுதான் இருந்தது. வந்ததிலிருந்து இந்த வீட்டின் அமைதி என்று அவள் நினைத்ததே ஒரு சத்தம்தான். சுவருக்குள், தரைக்கடியில், கூரைக்கு மேல், காகிதத்தை நகத்தால் சுரண்டுவதுபோல ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த சத்தம். நின்ற பிறகுதான் அது இருந்ததே தெரிந்தது.

சமையலறை வாசலில் வீட்டுக்காரம்மா வெறுங்கையோடு நின்றார். முகம் வெளிறிக் கிடந்தது.

"தட்டினீங்களா?"

"சும்மா, பார்க்கலாம்னு..."

"நாங்க தட்டறதே இல்லம்மா. தட்டினா புதுசா யாரோ வந்திருக்காங்கன்னு அதுங்களுக்குத் தெரிஞ்சுடும்."

சத்தம் மறுபடி தொடங்கியது. இப்போது எல்லாப் பக்கமும் இல்லை. ஒரே பக்கம். சுவரோரமாக, அவளைத் தாண்டி, உள்ளறையை நோக்கி. வேகமாக.

ஓடினாள். கதவு சாத்தியிருந்தது. அவள் சாத்தவில்லை. தோளால் இடித்தாள். திறந்தது.

பூசணி விழித்திருந்தாள். மல்லாந்து, அசையாமல், சிரித்த முகமாக. சுவரிலிருந்து கிளம்பிய மண்கோடு ஒன்று, விரல் தடிமனில், இன்னும் ஈரம் காயாமல், கட்டில் சட்டத்தில் ஏறி, தலையணை மேல் ஊர்ந்து, அவள் காதுக்குள் போயிருந்தது.

"இழுக்காதீங்க," என்றார் வீட்டுக்காரம்மா, பின்னாலிருந்து. "நொறுங்கிடுவா."

நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. மாடிப்படியில் கணவன் இறங்கி வந்துகொண்டிருந்தான்.

"என்ன, முடிவு பண்ணிட்டியா? வாங்கிடலாமா?"

"வாங்கிடலாம்ப்பா," என்றாள் பூசணி. சொல்லும்போது அவள் வாயோரத்திலிருந்து ஈர மண் உதிர்ந்தது.