ஒரே ஒரு கரண்டி

மகள் இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டுப் போன அம்மா, அவள் துணி காயப்போட்டுவிட்டுத் திரும்பி வந்து பார்த்தபோது வலது பக்கம் பார்த்துக் கிடந்தாள்.

பக்கவாதத்தில் விழுந்ததிலிருந்து ஒரு விரலைக்கூடத் தானாக அசைக்காதவள் அம்மா. முதுகுக்கு முட்டுக்கொடுத்த தலையணை, முழங்கால்களுக்கு நடுவே மடித்த துண்டு, குதிகால் மெத்தையில் படாமலிருக்கச் சுருட்டி வைத்த துணி என்று எல்லாம் கச்சிதமாக இருந்தது. தானே திருப்பிவிட்டு மறந்திருப்போம் என்று மகள் தன்னையே திட்டிக்கொண்டாள். எந்தப் படுக்கைக்கு எந்த ஊசி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடும் நர்ஸாக இருந்தவள் அவள். இப்போது காலையில் செய்தது மத்தியானம் நினைவில் இருப்பதில்லை.

அம்மாவுக்காக ஆஸ்பத்திரி வேலையை விட்டவள். நாலு சுவருக்குள்ளேயே கிடந்தால் அக்காவுக்குக் கிறுக்குப் பிடித்துவிடும் என்று பயந்து, வேறு ஊரில் இருந்த தம்பிதான் அந்த யோசனையைச் சொன்னான். படுத்த படுக்கையானவர்களை வீட்டிலேயே பார்த்துக்கொள்வது எப்படி என்று இணையத்தில் ஒரு இலவசப் படிப்பு. யார் வேண்டுமானாலும் சேரலாம். வாரம் ஒரு பாடம், ஒரு சின்னத் தேர்வு, ஒரு வீட்டுப்பாடம். செய்து பார்த்ததை வீடியோவாக எடுத்து அனுப்ப வேண்டும். நூறு பேர் வந்தால் பெரிது என்று நினைத்தார்கள். முப்பதாயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள். முகம் தெரியாதவர்கள் எல்லாம் "டீச்சர்" என்று எழுதியதைப் படிக்கப் படிக்க அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

முதல் பாடம், நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது. படம் பிடிக்கத் தம்பி லீவு போட்டு வந்திருந்தான். "அம்மா முகம் வேணாம்க்கா. பாக்கறவங்களுக்குச் சங்கடமா இருக்கும். உன் கை மட்டும் தெரிஞ்சா போதும்."

வெளிச்சம் சரியில்லை, ஃபேன் சத்தம் விழுந்துவிட்டது என்று அம்மாவை அன்று அவர்கள் புரட்டிய புரட்டுக்குக் கணக்கில்லை. ஒரு கட்டத்தில் அம்மா முனக ஆரம்பித்தாள். அடிவயிற்றிலிருந்து வந்த, நிற்காத முனகல். மறுபடி எடுக்கப் பொறுமையில்லாமல், கையை நிறுத்தாமலே அவள் கேமராவுக்குச் சொன்னாள்: "இப்படித்தான் முனகுவாங்க. அதுக்காக நிறுத்திடாதீங்க. வலியில்ல, பழக்கம்."

வலிதான். அவளுக்கு அது நன்றாகவே தெரியும்.

"சூப்பர்க்கா, எவ்வளவு இயல்பா வந்திருக்கு!" என்று தம்பி அதைத் தேர்விலும் ஒரு கேள்வியாகச் சேர்த்தான். நோயாளி முனகினால் என்ன செய்ய வேண்டும்? சரியான விடை, தொடர வேண்டும். அநேகமாக எல்லாரும் சரியாக எழுதினார்கள்.

அம்மா திரும்பிக் கிடந்தது அந்தப் பாடம் வெளியான அன்றுதான். இரண்டாவது வாரம், உடம்பு துடைத்துவிடும் பாடம். அது வெளியான அன்று அம்மாவின் அறையில், அந்த வீட்டில் யாரும் வாங்காத சோப்பின் வாசனை அடித்தது. அம்மாவின் கழுத்து ஈரமாக இருந்தது. துவட்டிவிட்டு அடுப்படிக்குப் போய் வந்தால், வேறொரு சோப்பு வாசனை, மறுபடி ஈரம். சாயங்காலத்துக்குள் முதுகுத் தோல் சிவந்து, தோள்பட்டையில் உரிந்தே போயிருந்தது. அவள் ஜன்னலைச் சாத்தி, கதவை வெளியே பூட்டி, அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே தண்ணீரில் துணி நனையும் சத்தம், பிழியும் சத்தம், சொட்டும் சத்தம், மறுபடி நனையும் சத்தம், அதற்கெல்லாம் அடியில் அம்மாவின் முனகல். கதவைத் திறந்தால் அறையில் ஒருவருமில்லை.

அப்போதுதான் மாணவர்கள் அனுப்பிய வீட்டுப்பாடங்களைத் திறந்து பார்த்தாள். ஏதோ ஒரு வீடு, யாரோ ஒரு தாத்தா என்றுதான் முதலில் இருந்தது. நாலைந்து தள்ளி ஒன்றில், சுவரில் ஈரம் ஊறிய அதே கறை. அதே கட்டில். அதே பூப்போட்ட போர்வை. பாடத்தில் இருந்ததுபோலவே முகம் இல்லை, கைகள் மட்டும். ரோமம் அடர்ந்த கை. அடுத்ததில் நகப்பூச்சு போட்ட கை. அதற்கடுத்ததில் சுருக்கம் விழுந்த கை. எல்லாக் கைகளும் அவள் சொல்லிக்கொடுத்தபடியே, மென்மையாக, ஒரே ஒரு முறை, அம்மாவின் முதுகைத் துடைத்தன.

தம்பிக்குப் போன் போட்டாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

"அக்கா, நீ சரியா தூங்கறதே இல்ல போல."

"கோர்ஸ நிறுத்துடா."

"நிறுத்தலாம். கடைசிப் பாடம் வராம யாருக்கும் சர்டிஃபிகேட் கிடைக்காது. டீச்சர் பாதியில ஓடிட்டாங்கன்னு உன் பேரத்தான் நாறடிப்பாங்க. பரவாயில்லையா? ஒரு வார்த்தை சொல்லு, இப்பவே தூக்கிடறேன்."

ஒரே ஒரு வார்த்தை. எதிரே திரையில் நன்றி டீச்சர், நன்றி டீச்சர் என்று ஓடிக்கொண்டிருந்தது. கல்யாணம், வேலை, வயசு என்று எல்லாம் கைவிட்டுப் போனபின் அவளிடம் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

"இருக்கட்டும். பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கறேன்," என்றாள்.

கடைசிப் பாடம் உணவு ஊட்டுவது. விழுங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கரண்டி கொடுக்க வேண்டும் என்று அதில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். வீட்டுப்பாடத்துக்கு ஒரே ஒரு கரண்டி ஊட்டினால் போதும்.

பட்டப்பகல். அம்மாவின் கையைப் பிடித்தபடி கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். யாரும் வரவில்லை. கதவுகூட அசையவில்லை. அம்மாவின் உதடுகள் மட்டும் மெல்லப் பிரிந்தன. கன்னம் உப்பியது. தொண்டை ஏறி இறங்கியது.

மறுபடி பிரிந்தன.

அவள் விரலை விட்டு வழித்தாள். மசித்த ஏதோ ஒன்று, மஞ்சளாக, இன்னும் சூடாக. மறுபடி வழித்தாள். பச்சை. வெள்ளை. புளித்த வாடை. வேறு வேறு வீடுகளின் அடுப்பு வாடை. வழிக்க வழிக்க நிரம்பியது. அம்மா முனகினாள். ஒருவரும் நிறுத்தவில்லை. விழுங்கும்வரை காத்திருக்கவும் இல்லை. எதற்குக் காத்திருக்க வேண்டும்? ஆளுக்கு ஒரு கரண்டி. அடுத்த கரண்டி அவர்கள் பொறுப்பில்லை.

"போதும்! போதும்ங்க! நான் டீச்சர் சொல்றேன்!"

அம்மாவின் கண்கள் கடைசிவரை மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

"மூச்சுக்குழாய் முழுக்கச் சாப்பாடு," என்றார் டாக்டர். "நர்ஸா இருந்தவங்க நீங்க. இப்படியாம்மா அவசர அவசரமா திணிப்பீங்க?"

எல்லாம் முடிந்து தம்பியும் ஊருக்குத் திரும்பிய மத்தியானம், அவள் அந்த அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அன்றுதான் வீட்டுப்பாடத்துக்குக் கடைசி நாள். இன்னும் வந்துகொண்டிருந்தன. புதிதாக வந்ததைத் திறந்தாள். காலிக் கட்டில். கரண்டி பிடித்த கை, அதன் மேல் அந்தரத்தில் நின்றது. அடுத்தது. காலிக் கட்டில், இன்னொரு கை. அடுத்தது. காலிக் கட்டில், கை, கை, கை.

அடுத்தது.

ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் பிடரி. அவிழ்ந்த கொண்டை. அது அவளுடைய கொண்டைதான்.

எழுந்திருக்கப் பார்த்தாள். கால் வரவில்லை. அக்குள்களுக்கு அடியில் கைகள் நுழைந்தன. பதமாக. அவள் சொல்லிக்கொடுத்தபடி. கட்டிலில் கிடத்தின. முதுகுக்குத் தலையணை. முழங்கால் நடுவே துண்டு. குதிகாலுக்குச் சுருட்டிய துணி. அதன்பிறகு ஒரு விரல்கூட அசையவில்லை.

மேஜையில் போன் அடித்து, யாரோ எடுத்துவிட்டது போலத் தானாகவே நின்றது. தம்பியின் குரல் ஸ்பீக்கரில் வந்தது.

"அக்கா? ஊருக்கு வந்து சேர்ந்துட்டேன். சாப்டியா?"

அவள் கத்தினாள். முனகலாகத்தான் வந்தது. அடிவயிற்றிலிருந்து. நிற்காமல்.

"அழுறியா? அழுக்கா. அழுது தீர்த்துடு. நான் அப்புறம் கூப்பிடறேன்."

போன் அணைந்தது.

முதல் கரண்டி உதட்டைத் தொட்டது. இளஞ்சூடு. சரியான சூடுதான். அதன் பின்னால் இன்னொரு கை. அதன் பின்னால் இன்னொன்று. கதவு வரைக்கும், கூடம் தாண்டி, வாசல் தாண்டி, வெயிலில் கண்ணுக்கெட்டிய மட்டும் கைகள், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கரண்டி, ஒரு துளி சிந்தாமல், தங்கள் முறைக்குப் பொறுமையாகக் காத்து நின்றன.